பக்கத்துப் பள்ளி ஆசிரியர்: சூழல் கல்வியில் விடுபட்ட கண்ணி

சுற்றுச்சூழலைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணங்களுக்கு இந்தியாவில் பஞ்சமில்லை. 1977இல் அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு இதற்கான பொதுக் கோட்பாடுகளை வகுத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சூழல் விழிப்புணர்வைக் கல்வியின் அங்கமாக ஏற்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், கல்வியின் எல்லாப் படிகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. தீர்ப்பு ஒழுங்காக நிறைவேறவில்லை என்று அவரே மறுபடி முறையிட்டதன் பேரில், 2003இல் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பு என்.சி.இ.ஆர்.டி.யிடம் வந்தது. இதற்கிடையே தேசிய பசுமைப் படை தொடங்கப்பட்டு, மாவட்டந்தோறும் பள்ளிகளில் சூழல் மன்றங்கள் அமைந்தன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே சூழ்நிலையியல் பாடம் இருக்கிறது. ஆக, கொள்கை உண்டு, நீதிமன்ற ஆணை உண்டு, பாடநூல் உண்டு, மன்றமும் உண்டு.

இத்தனை இருந்தும் பல பள்ளிகளில் சூழல் கல்வி ஜூன் 5ஆம் தேதி கன்று நடுவதோடும், ஓவியப் போட்டியோடும், மஞ்சப்பை உறுதிமொழியோடும் முடிந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் ஆசிரியருக்கு ஆர்வமில்லை, தேர்வில் மதிப்பெண் இல்லை, நிதி இல்லை என்று மூன்று பதில்கள் வழக்கமாக வரும். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆர்வமும் நிதியும் உள்ள பள்ளியிலும் இந்தப் பாடம் சில ஆண்டுகளில் சோர்ந்துபோவதை இவை விளக்கவில்லை. சூழல் பாடம் தன் இயல்பிலேயே ஊருக்கு ஊர் மாறுவது. அதைத் தலைநகரிலிருந்து எழுதி அனுப்பவும் முடியாது, தனி ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பறைக்குள் உருவாக்கிக் காப்பாற்றவும் முடியாது. ஒரே நீரையும் நிலத்தையும் பகிர்ந்துகொள்ளும் பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் தொடர்ந்து கூடிப் பேசும் வட்டத்தில்தான் அது உருவாகி நிலைக்கும். அப்படிக் கூடுவதற்கான ஏற்பாடு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆசிரியர்கள் கையில் கொடுப்பதுதான் மீதமிருக்கும் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊருக்கு ஊர் மாறும் பாடம்

பின்னக் கணக்கு ஈரோட்டிலும் இராமநாதபுரத்திலும் ஒன்றுதான். தண்ணீர் அப்படியில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 ஆயிரம் ஏரிகளும் குளங்களும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் பல, ஒன்று நிறைந்து கலிங்கு வழிந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும் சங்கிலித் தொடராக அமைந்தவை. நீர்நிலைகளைப் பாதுகாப்போம் என்று பாடநூல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். பாடம் உயிர் பெறுவது வேறு கேள்விகளில். இந்தக் கண்மாய்க்கு வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது? எந்த இடத்தில் தூர்ந்துகிடக்கிறது? கலிங்கு கடைசியாக எந்த ஆண்டு வழிந்தது? மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்ட நீர்பாய்ச்சியின் வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்? ஆயக்கட்டில் நெல் இருந்த இடம் எப்போது தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறியது? இவற்றுக்கு விடை சென்னையில் இல்லை. ஒரே பள்ளியிலும் முழு விடை கிடைக்காது. மேல் கண்மாய்ப் பள்ளியின் பிள்ளைகள் கலிங்கு வழிந்ததைப் பார்த்திருப்பார்கள். வழிந்த தண்ணீர் ஏன் வந்து சேரவில்லை என்பது கீழ்க் கண்மாய்ப் பள்ளியின் கேள்வி. இரண்டு பள்ளிகளின் குறிப்பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடுவில் அடைபட்ட கால்வாய் தெரியவரும். ஒரு பள்ளி சேகரித்த விவரம் ஒரு நீர்நிலையைப் பற்றியது. ஐந்து பள்ளிகள் சேகரித்தது அந்த வடிநிலத்தின் படம்.

பள்ளிகளின் அமைப்பும் இதே திசையைத்தான் காட்டுகிறது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பல இன்னும் ஈராசிரியர் பள்ளிகள். ஒரு தலைமையாசிரியரும் ஓர் உதவியாசிரியரும் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். புதிய பாடமுறை ஒன்றை யோசித்து, செய்து பார்த்து, தவறினால் பேசித் திருத்திக்கொள்ள அங்கே ஓய்வுள்ள சக ஆசிரியர் கிடைப்பது அரிது. மாறுதல் கலந்தாய்வில் வேறு மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவராக இருந்தால், பள்ளியைச் சுற்றியுள்ள ஓடையின் பெயரைக்கூட மாணவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அதில் குறை ஒன்றுமில்லை, நல்ல பாடமே அங்குதான் தொடங்கும். ஆனால் சில ஆண்டுகளில் ஊரைப் படித்து முடித்து அவர் மாறுதலில் போகும்போது, சேர்த்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒருவர் போனாலும் மற்றவர்களிடம் நினைவு தங்குவதற்கு வட்டம் தேவை.

கூடும் இடம் இருக்கிறது

பள்ளிகளைக் கொத்தாகச் சேர்த்து, அவற்றின் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்க வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழுவே பள்ளித் தொகுதிகளைப் பரிந்துரைத்தது. 1990களின் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், அதன்பின் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கமும் வட்டார வள மையங்களையும் குறுவள மையங்களையும் உருவாக்கின. ஆக, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடுவதற்கு இன்று இடமும் உண்டு, ஏற்பாடும் உண்டு.

அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. மாநில அளவில் தயாரான பயிற்சிக் கட்டகம் மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டாரத்துக்கும், கடைசியில் குறுவள மையத்துக்கும் படிப்படியாக இறங்குகிறது. கருத்தாளர் ஒளிப்படக்காட்சியை ஓட்டுகிறார், ஆசிரியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள். எண்ணும் எழுத்தும் போன்ற அடிப்படைத் திறன்களுக்கு இந்த முறை ஓரளவு பயன்படலாம், ஏனென்றால் அங்கே எல்லாப் பள்ளிக்கும் ஒரே பொருளைத்தான் கொண்டுசெல்ல வேண்டும். ஊரிலிருந்து மேலே வர வேண்டிய பாடத்தை மேலிருந்து இறக்க முடியாது. பயிற்சி பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 1980களில் அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும், விளக்கவுரையும் செய்துகாட்டலும் மட்டும் ஆசிரியரின் வகுப்பறை நடைமுறையை அவ்வளவாக மாற்றுவதில்லை, பயிற்சிக்குப் பிறகு சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணைநின்று செய்து பார்க்கும்போதுதான் கற்றது வகுப்பறைக்குள் போகிறது என்று வாதிட்டார்கள். பயிற்சி தரும் கூடத்தைவிட, பயிற்சி முடிந்து மறுவாரம் பேச ஆள் இருக்கிறதா என்பதே முக்கியம்.

மூன்று மாநிலங்களின் அனுபவம்

இந்தியாவிலேயே இதற்கு நீண்ட அனுபவம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் என்னும் இரண்டு தன்னார்வ அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. பின்னர் 1982இல் உருவான ஏகலைவ்யா அமைப்பு அதை எடுத்து நடத்தியது. பிள்ளைகள் வயலிலும் ஓடையிலும் மாதிரிகள் சேகரித்து, எளிய பொருள்களால் சோதனை செய்து, தாங்களே முடிவுக்கு வர வேண்டும். தேர்வும் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதுவது. இந்தத் திட்டத்தைத் தாங்கியது ஆசிரியர்களின் மாதக் கூட்டம். அந்த மாதம் வகுப்பில் எந்தச் சோதனை சரியாக வரவில்லை, பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று அங்கே பேசினார்கள், அடுத்த பாடத்தைத் தாங்களே செய்து பார்த்தார்கள். சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதரையும் உருவாக்கியிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை அவருக்குக் கடிதமாக எழுதுவார்கள், திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர் பெயரில் பதில் போடுவார்கள். தெரியாது என்று சொல்வது ஆசிரியருக்கு இழுக்கில்லை என்னும் மனநிலையை இப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான் உண்டாக்கின. சூழல் கல்விக்கு அதைவிட முக்கியமான தகுதி வேறில்லை.

உத்தராகண்டின் அல்மோராவில் இயங்கும் உத்தராகண்ட் சேவா நிதி வேறொரு பாடம் சொல்கிறது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் பள்ளித் திட்டம் மலைக்கிராமத்தையே பாடநூலாக எடுத்துக்கொண்டது. கிராமத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும், மாட்டுக்கு எவ்வளவு தீவனம், அதைத் தர எவ்வளவு காடு, ஊற்றில் எவ்வளவு தண்ணீர் என்று 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அளந்து கணக்கிடும் பயிற்சிகள் அதில் இருந்தன. ஆசிரியர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் சோதித்துத் திருத்திய அந்தப் பயிற்சிநூல்களை, மாநிலம் பிரிந்தபின் புதிய அரசு தன் பாடத்திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது. வட்டார அளவில் உருவான பாடம் மாநிலப் பாடமாக வளர முடியும் என்பதற்கு இது சான்று.

கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முதுகெலும்பு ஆசிரியர்கள். சைலன்ட் வேலி மழைக்காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்து அது நடத்திய இயக்கம், காட்டைப் பற்றிய அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அதே கேரளத்தில் அண்மைக்காலத்தில் மரங்களின் பருவ மாற்றங்களைப் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் திட்டத்தில் ஏராளமான பள்ளிகள் பங்கேற்கின்றன. ஒரு மாணவர் தன் பள்ளியருகே உள்ள ஒரு மாமரத்தையோ சரக்கொன்றையையோ தேர்ந்தெடுத்து, தளிர், மொட்டு, பூ, காய் எந்த அளவில் இருக்கின்றன என்று வாராவாரம் குறிக்கிறார். மாத்ருபூமி நாளிதழின் பள்ளித் திட்டம் வழியே ஆசிரியர்கள் இணைந்ததால்தான் இது இவ்வளவு பரவியது. தமிழ்நாட்டிலும் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், அதன் துளிர் இதழ், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஆசிரியர்களை ஒன்றிணைக்கும் மரபு இருக்கிறது. பெரும்பாலும் அது பள்ளிக்கு வெளியே, ஆசிரியர்களின் சொந்த நேரத்தில் நடக்கிறது என்பதுதான் வேறுபாடு.

பிள்ளைகள் படித்தால் வீடு மாறுமா?

சூழலைப் பற்றி அறிந்தவர்கள் சூழலைக் காக்கும்படி நடந்துகொள்வார்கள் என்பது பிழையான எதிர்பார்ப்பு என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது சரி. அஞ்சா கோல்மஸ், ஜூலியன் அகியெமன் இருவரும் 2002இல் எழுதிப் பரவலாகப் படிக்கப்பட்ட கட்டுரை, அறிவுக்கும் நடத்தைக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதை முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய முடிவு சூழல் கல்வி வீண் என்பதில்லை, எந்த வகைச் சூழல் கல்வி என்பதுதான். செஷல்ஸ் தீவுகளில் வனஉயிர் மன்றங்களைச் சேர்ந்த மாணவர்கள் ஈரநிலங்களைப் பற்றிப் படித்தபோது, அவர்களுடைய பெற்றோரின் அறிவும் வீட்டில் தண்ணீரைப் பயன்படுத்தும் விதமும் மேம்பட்டிருந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் காலநிலை மாற்றத்தைத் தங்கள் பகுதியின் உயிரினங்கள் வழியாகப் படித்து, வெளியே போய்க் களப்பணி செய்து, பெற்றோரிடமும் பேட்டி எடுத்தார்கள். காலநிலை மாற்றம் குறித்த அக்கறை மாணவர்களிடம் மட்டுமின்றிப் பெற்றோரிடமும் கூடியது. இரண்டு இடத்திலும் பயன் தந்தவை கையருகே உள்ள நீரும் உயிரினமும்தான். அப்படியொரு பாடத்தைத் தர வெளியூரில் அச்சடித்த புத்தகத்தால் ஆகாது.

எதிர்ப்புகளும் விடைகளும்

முதல் எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்தே வரும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவது முதல் வாக்காளர் பட்டியல் திருத்துவது வரை அவர்கள் தலையில் ஏராளமான வேலை. இதில் இன்னொரு கூட்டமா? நியாயமான கேள்வி. அதனால்தான் புதிய கூட்டம் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே நடக்கும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் போதும் என்கிறேன். இன்று அந்தக் கூட்டம் சுமையாகத் தெரிவதற்குக் காரணம், அங்கிருந்து எடுத்துப்போய்த் திங்கட்கிழமை வகுப்பில் பயன்படுத்த ஒன்றும் கிடைக்காமல் போவது. பக்கத்துப் பள்ளியில் ஒருவர் செய்து பார்த்த பாடம் கையில் கிடைத்தால் அதே கூட்டம் வேலையைக் குறைக்கும்.

இரண்டாவது, இப்படிப்பட்ட வட்டங்களில் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களே வருவார்கள், மற்றவர்களை எட்டாது என்பது. தன்னார்வ வட்டங்களுக்கு இது பொருந்தும். ஆனால் எல்லாரையும் கட்டாயப்படுத்திய திட்டங்கள் எல்லாரையும் எட்டியதாகவும் சான்றில்லை, அவை எட்டியது எல்லாருடைய கையெழுத்தை மட்டும். ஹோஷங்காபாத் திட்டம் 16 பள்ளிகளில் ஆறு ஆண்டுகள் நடந்தபின்தான் மாவட்டம் முழுக்கப் போனது. அந்த ஆறு ஆண்டுகளில் வகுப்பறையில் செய்து தேறிய ஆசிரியர்கள் இருந்ததால்தான் பரவல் சாத்தியமானது. ஆர்வமுள்ள சிலரிடம் தொடங்குவது குறைபாடு ஆகாது, அவர்களோடு நின்றுவிடுவதுதான் குறைபாடு.

மூன்றாவது எதிர்ப்பு கனமானது. உள்ளூர் அறிவு என்ற பெயரில் தவறான கருத்துகள் வகுப்பறைக்குள் வராதா? சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரை உறிஞ்சும், காற்றின் ஈரத்தைக் குடிக்கும், அதன் நிழல் மலட்டுத்தன்மை தரும் என்றெல்லாம் அதைப் பற்றிச் சொல்லப்படுகிறது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டபோது இந்தப் பேச்சு எங்கும் பரவியது, பிறகு அந்தப் பணி நீதிமன்றத்தாலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அயல்மரமாக வந்து பரவி, மற்றச் செடிகளை ஒடுக்குகிறது என்பது உண்மை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் கரிமூட்டம் போடும் ஏராளமான குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு என்பதும் உண்மை. தனியாக நிற்கும் ஆசிரியர் இதில் தனக்கு வந்துசேர்ந்த வாட்ஸ்அப் செய்தியையே பாடமாக்கிவிடும் ஆபத்து அதிகம். வட்டத்தில் ஒருவர் கரிமூட்டத் தொழிலாளியின் கணக்கைக் கொண்டுவருவார், இன்னொருவர் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் பேராசிரியரை அழைத்துவருவார், மூன்றாமவர் கருவேலம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து பார்க்கலாம் என்பார். பிழையைப் பிடிப்பது எப்போதும் இன்னொரு கண்தான்.

நான்காவது எதிர்ப்பை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். சூழலை உண்மையாகப் படித்தால் யாருடைய நலனிலாவது போய் முட்டும். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஆனால் ஆம்பூரில் பாடம் நடத்தும் ஆசிரியரின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் தோல் தொழிலாளர்களாக இருக்கலாம். நொய்யலின் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதைப் பற்றிப் பேசும் திருப்பூர் ஆசிரியருக்கும் இதே நிலைதான். அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஒரு பக்கம், உள்ளூர்ப் பெரியவர்களின் முகச்சுளிப்பு இன்னொரு பக்கம். இதற்கு ஜப்பானில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1963-64இல் ஷிசுவோகா மாகாணத்தின் மிஷிமா, நுமாசு பகுதியில் பெட்ரோலிய வேதித் தொழிற்சாலைத் தொகுதி வரவிருந்தது. யோக்காய்ச்சி நகரில் அத்தகைய தொகுதியால் மக்கள் ஆஸ்துமாவில் தவிப்பதை ஊரார் அறிந்திருந்தார்கள். நுமாசு தொழிற்பயிற்சி மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், மே மாதக் குழந்தைகள் தினத்துக்காக வீடுதோறும் ஏற்றப்படும் மீன்வடிவத் துணிக்கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று மாணவர்களை வைத்துக் குறித்து, அந்தப் பகுதியின் காற்றோட்டத்துக்கு ஒரு வரைபடமே போட்டார்கள். மிஷிமாவில் இயங்கிய தேசிய மரபியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களும் அவர்களோடு நின்றார்கள். மாசு வராது என்ற அரசுக் குழுவின் அறிக்கை அவர்களுடைய தரவின் முன் நிற்கவில்லை, 1964இலேயே திட்டம் கைவிடப்பட்டது. தனி ஆசிரியர் குரல் எழுப்பியிருந்தால் அது அவர் சொந்தக் கருத்தாகப் போயிருக்கும். பலர் சேர்ந்து அளந்தபோது அது தரவானது. ஆத்திரப் பேச்சுக்குப் பதிலாக அளவீட்டை முன்வைக்கும் பழக்கமே ஆசிரியருக்கு வலுவான பாதுகாப்பு, அதைத் தருவது கூட்டுவேலை.

கடைசி எதிர்ப்பு, காலநிலை மாற்றம் உலகப் பிரச்சினை, ஊர் ஏரியைப் படித்தால் அது புரியுமா என்பது. 2015இன் வெள்ளத்தையும் 2019இன் தண்ணீர்ப் பஞ்சத்தையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்ட சென்னையில், பள்ளிக்கரணை சதுப்புநிலம் எவ்வளவு சுருங்கிப்போனது என்று படிக்கும் மாணவருக்கு உலகின் வெப்பம் வாசலுக்கு வந்த கதை புரியும். உலக வெப்பநிலை வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்கு அதில் தன் இடம் எது என்று தெரியாது. ஊரிலிருந்து உலகத்துக்குப் போகலாம், எதிர்த்திசையில் போகும் பாடம் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடும்.

செய்யக்கூடியவை

ஹோஷங்காபாத்தின் முடிவையும் மறக்கக் கூடாது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு ஓர் ஆணையில் மூடியது. அரசின் ஒப்புதல் இல்லாமல் வட்டம் பள்ளிக்குள் நுழைய முடியாது. அரசின் ஒப்புதலை மட்டும் நம்பினால் ஒரே நாளில் இல்லாமல் போகும். இரண்டு காலும் வேண்டும். ஒரு கால் குறுவள மையத்தில், மற்றது ஆசிரியர்களுக்குச் சொந்தமான தளத்தில், அதாவது அறிவியல் இயக்கம், உள்ளூர்க் கல்லூரி, பறவை நோக்குவோர் குழு போன்றவற்றில் ஊன்றியிருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு குறுவள மையக் கூட்டத்தின் பொருளை ஆசிரியர்களே முடிவுசெய்யட்டும். கூட்டம் ஒவ்வொரு முறையும் வேறு பள்ளியில், அந்தப் பள்ளியின் ஏரிக்கரையிலோ தோப்பிலோ நடக்கட்டும். வருபவர்களுக்குப் பயணப்படியும், சனிக்கிழமையானால் ஈடுசெய் விடுப்பும் கிடைக்கட்டும். வனத்துறை, வேளாண்துறை, நீர்வளத்துறை அலுவலர்கள் பேருரை ஆற்றுவதற்கு வராமல், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வரட்டும். பள்ளிகள் சேர்க்கும் நீர்மட்டம், மழை, மரம், பறவை விவரங்களுக்கு வட்டாரத்தில் ஒரு பொதுப் பதிவேடு இருக்கட்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும். பள்ளிகளின் சூழல் பணியை இப்படிப்பட்ட ஆவணங்களோடு இணைக்கலாம் என்பது 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவை ஒட்டி நடந்த விவாதங்களிலேயே எழுந்த யோசனை. மாணவர் எழுதும் குறிப்பு மதிப்பெண்ணோடு முடியாமல் ஊருக்கும் பயன்படும் என்றால், எழுதும் அக்கறையே வேறாக இருக்கும். அரசு தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒளிப்படமும் அறிக்கையும் கேட்டு, இலக்கு வைத்து, தரவரிசை போடத் தொடங்கினால் வட்டம் மறுபடி சுற்றறிக்கை வாங்கும் இடமாகிவிடும்.

சூழல் கல்விக்காக இந்த நாடு செலவிட்ட முயற்சியில் பெரும்பகுதி இதுவரை பாடத்தை எழுதுவதிலும் கட்டாயமாக்குவதிலும் போயிருக்கிறது. பாடத்தை நடத்துபவர் யாரோடு யோசிக்கிறார், தவறினால் யாரிடம் கேட்கிறார், எதிர்ப்பு வந்தால் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு மிகக் குறைந்த கவனமே கிடைத்தது. புதிய பாடநூலுக்கோ புதிய திட்டத்துக்கோ அடுத்த தவணை நிதியை ஒதுக்குமுன், இருக்கும் குறுவள மையங்களில் ஒரு வட்டாரத்துக்கு ஒன்றையாவது ஐந்தாண்டுகளுக்கு ஆசிரியர்களிடம் ஒப்படைத்துப் பார்ப்பது குறைந்த செலவில் செய்யக்கூடிய நேர்மையான சோதனை. அது தோற்றாலும் ஏன் தோற்றது என்று சொல்ல, வகுப்பறையிலிருந்து பேசத் தெரிந்த ஆசிரியர்கள் அப்போது இருப்பார்கள்.